திரும்பச் சொல்லுங்க, ஓவர்

வீட்டில் அவளுக்குப் பெயரே ஓவர்தான். பதினோரு வருஷம் ரேடியோ டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது "கதவைச் சாத்திக்கோ, ஓவர்" என்று தங்கையிடம் சொல்லப் போக, அப்பா சூட்டிய பட்டம் அது.

மலைமேல் அணை கட்டும் முகாமுக்கு டெலிபோன் கம்பி போகவில்லை. இருந்தது ஒரே ஒரு ரேடியோ டெலிபோன். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. நகரத்தில் சாதாரண டெலிபோன் வைத்திருப்பவருக்குப் பொத்தான் ஏது? அவருக்காக நகர எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் இவள்தான் விசையைத் திருப்ப வேண்டும். பேசி முடித்ததற்கு அடையாளமாக "ஓவர்" என்று காதில் விழுந்ததும் இந்தப் பக்கம், அடுத்த "ஓவர்" வந்ததும் அந்தப் பக்கம். ஊரார் குடும்பக் கதையெல்லாம் இவள் காது வழியாகத்தான் போயாக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் குறுக்கே பேசாமல் சண்டை போட்ட ஒரே இடம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கக்கூட முடியாத நாற்காலி. ஆனாலும் அதன்மேல் அவளுக்கு உயிர். கல்யாணம் ஆனாலும் வேலையை விடமாட்டேன் என்று, அந்த முகாமில் ஸ்டோர்கீப்பராக இருந்த அப்பாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். அவர் பிடி கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று அவளுக்கு விடுப்பு நாள். கூட வேலை பார்ப்பவளுக்குக் காய்ச்சல் என்று வந்து உட்கார்ந்தாள். முதல் அழைப்பே அப்பாவுடையது. கேட்டதோ அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டு நம்பர். அவளுக்கு விடுப்பு என்று பார்த்துக் கூப்பிட்டவர் இவள் குரலைக் கேட்டு மாட்டிக்கொண்டார். பின்னால் வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது வைத்துவிடவும் முடியவில்லை.

மழையால் ஒரே இரைச்சல். அப்படிப்பட்ட நாளில் ஒருவர் சொன்னதை மற்றவருக்கு ஆபரேட்டரே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"பொண்ணு வேலையை விட்டுடுவாளா? அது தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பேசலாம், ஓவர்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. தன்னைப் பற்றிய கேள்வியை யாரோ ஒருத்தியைப் பற்றியதைப்போல இவள் மலைக்குச் சொன்னாள்.

"பொண்ணு வேலையை விட்டுடுவா, ஓவர்."

அப்பாவின் பதில் இவள் காதில் கணீரென்று விழுந்தது. அந்த அம்மாளுக்குத்தான் வெறும் இரைச்சல். சொந்தமாக ஒரு வார்த்தை பேச அவளுக்கு உரிமை இல்லை. விதிப்படி அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"திரும்பச் சொல்லுங்க, ஓவர்."

அப்பா திரும்பச் சொன்னார்.

"திரும்பச் சொல்லுங்க, ஓவர்."

இந்தத் தடவை அப்பாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"உனக்குக் கேட்டுதுன்னு எனக்குத் தெரியும்மா. இங்க எல்லாரும் நிக்கிறாங்க. என் மானத்தை வாங்காதே. சொல்லிடு, ஓவர்."

பதினோரு வருஷத்தில் யார் சொல்லையும் மாற்றாதவள் அன்றும் மாற்றவில்லை. விசையைத் திருப்பினாள். "பொண்ணு வேலையை விட்டுடுவா, ஓவர்" என்றாள்.

அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"என்ன தெளிவாச் சொன்னே, தங்கமே. உன்னை மாதிரி ஒருத்தி அங்க உட்கார்ந்திருந்ததாலதான் எங்க காரியம் முடிஞ்சுது. நல்லா இருப்பே, ஓவர்."

அதையும் ஒரு சொல் விடாமல் அவள் அப்பாவுக்கு எடுத்துச் சொன்னாள்.