மஞ்சள் கயிறு கட்டிய வயர்

போன வாரம் எங்கள் வீட்டு டிவி தானாக நின்றுபோனது. சீரியலில் மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கியிருந்தார். ஓங்கிய கை அப்படியே மறைந்து, நீலத்திரையில் சந்தா முடிந்துவிட்டது என்று இரண்டு வரி வந்தது. "யாருங்க கட் பண்ணது?" என்றாள் என் மனைவி. யாரும் இல்லை, அதுவே பண்ணிக்கொள்ளும் என்றேன். அவள் நம்பவில்லை. கேபிள்காரனைக் கட்டிக்கொண்டவள், லைன் போனால் பின்னால் ஓர் ஆள் இருந்தே தீருவான் என்பது அவள் அனுபவம். முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்து ரீசார்ஜ் செய்தாள். அப்போதுதான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். இரண்டு பௌர்ணமிக்கு முன்னால் கட்டிக்கொண்ட கோயில் கயிறு, பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சாக்கு நிறத்துக்கு வந்திருந்தது. கட்டும்போது சிவப்பா மஞ்சளா என்று கேட்டேன். "ஞாபகமில்ல, இப்ப அது எதுக்கு?" என்றாள்.

எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

டிஜிட்டல் பெட்டி வருவதற்கு முன்னால், திருவண்ணாமலையில் பாதி ஊரின் டிவி என் கட்டிங் பிளேயரில் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. வசூலுக்குப் போவதும் நான்தான், கட்டாதவர்கள் லைனைப் பிடுங்குவதும் நான்தான். மாதம் நூறு ரூபாய். மூன்று மாதம் நின்றால் முதலாளி தயாளன் ஒரு துண்டுச்சீட்டில் பெயர்களை எழுதித் தருவார். அதற்குக் கட் லிஸ்ட் என்று பெயர். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் கட்டாதவர்கள் மேல் எனக்குப் பாவமாக இருக்கும். ஒருநாள் அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"உனுக்கு அவ்ளோ பாவமா இருந்தா சொல்லு, உன் சம்பளத்துல கழிச்சிக்கறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவை அப்படித்தான், கடைசிவரை அது நகைச்சுவையா என்றே தெரியாது.

எனவே அந்தப் பாவத்துக்கு நானே வைத்தியம் கண்டுபிடித்தேன். அது மின்வெட்டுக் காலம். எந்தத் தெருவில் எப்போது கரண்ட் போகும் என்பது எனக்கு மனப்பாடம். கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரத்தில் போய் லைனைக் கழற்றிவிட்டு வந்துவிடுவேன். கரண்ட் வந்ததும் டிவியைப் போடுகிறவர்கள், கரண்டோடு போனது திரும்பி வரவில்லை என்று மின்வாரியத்தைத் திட்டுவார்கள். என்மேல் விழவேண்டிய திட்டு கொஞ்ச நேரமாவது வேறு இடத்தில் விழும். சமையல் நேரம், சீரியல் நேரம், கிரிக்கெட் நாள் இவற்றில் கைவைக்க மாட்டேன். வாரத்தில் மீதி இருப்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் நான் ஏன் நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கவில்லை என்பது புரியும்.

இன்னொரு வைத்தியமும் இருந்தது. என் வீடு அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையிலேயே சைக்கிளில் போகவேண்டும். ஒரு லைன் பிடுங்கினால் வழியில் உள்ள லிங்கத்துக்கு ஒரு ரூபாய் உண்டியல். செங்கம் ரோட்டிலிருந்து போகும்போது முதலில் வருவது எம லிங்கம். இந்தப் பாவத்துக்கு இவர்தான் சரியான ஆளா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஆனால் அடுத்த லிங்கம் வரை மிதிக்கச் சோம்பல்.

கயிறும் அந்தப் பாதையில்தான் கிடைத்தது. கம்பத்தில் ஒரே பெட்டியிலிருந்து ஏழெட்டு வீட்டுக்குக் கறுப்பு வயர் போகும். எது யாருடையது என்று தெரிய மற்ற ஊர்க்காரர்கள் கலர் டேப் ஒட்டுவார்கள். டேப்புக்கு முதலாளி காசு தரமாட்டார். எங்கள் ஊரில் கோயில் கயிறு ஒரு பிடி அள்ளினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மாதாமாதம் கட்டுகிற வீட்டு வயருக்குச் சிவப்புக் கயிறு, ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியவர்கள் வயருக்கு மஞ்சள் கயிறு. மஞ்சள் கயிற்றைத் தொடவே கூடாது என்பது நானே போட்ட சட்டம். சாமி கயிறு என்பதால் தப்பு நடக்காது என்றும் நம்பினேன்.

ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து. அதில் பச்சையம்மா அக்கா வீடு. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலை. வெயில் ஏறினால் அவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள், அக்காவின் சம்பளமும் கூடவே விமானம் ஏறிவிடும். "சீசன் வரட்டும் தம்பி, மொத்தமா கட்டிடறேன்" என்பார். ஏதோ ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுப்போன காப்பித்தூளில் எனக்குக் காப்பி போட்டுத் தருவார். அந்தத் தூள் வாசனை இப்போதும் எங்காவது அடித்தால் எனக்கு முதலில் வருவது ருசி இல்லை, குற்ற உணர்ச்சி. மூன்று மாதம் காப்பி குடித்தேன். நான்காவது மாதம் கட் லிஸ்டில் முதல் பெயர் பச்சையம்மா.

ஐப்பசி மழை விட்ட ஒரு பகல். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, சந்துமுனை லாட்ஜின் மாடிப்படியில் ஏறி, அங்கிருந்த பெட்டியிலிருந்து சந்துக்குள் போகும் இரண்டு வயரில் சிவப்புக் கயிறு கட்டியதைக் கழற்றினேன். இறங்கும்போது அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, காப்பி சாப்டறியா?" என்றார். வேண்டாம் என்று ஓடிவந்துவிட்டேன். அன்றைக்கு எம லிங்கத்துக்கு ஐந்து ரூபாய் போட்டேன்.

அப்புறம் அந்தச் சந்துக்கே போகவில்லை. வசூலை வேறு ஆளிடம் மாற்றிக்கொண்டேன். அக்கா போன் செய்து சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வார்த்தை இல்லை. ரோஷக்காரி, என்னிடம் பேசவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கூனிப்போனேன்.

கார்த்திகை தீபம் வந்தது. மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும், அந்தச் சந்தில் மட்டும் தெரியாது. லாட்ஜின் மூன்று மாடி மறைத்துவிட்டது. அவர்களுக்கு டிவியில் பார்ப்பதுதான் தீபம். அதையும் நான் பிடுங்கி வைத்திருக்கிறேன் என்ற நினைப்பு அன்று மத்தியானம் வீட்டில் உட்காரவிடவில்லை. ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் மாட்டிவிட்டு வரலாம், தயாளனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று கிளம்பினேன். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியாகிவிட்டது. அத்தனை ஜனமும் ஒரு பக்கம் போக, நான் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

சந்துக்குள் நுழையும்போதே பச்சையம்மா அக்கா வீட்டில் டிவி சத்தம். கோயிலிலிருந்து நேரடி வர்ணனை. எட்டிப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"வா தம்பி, எங்க ஆளையே காணோம்? உள்ள வா, இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்குது."

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஏகாம்பரம் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீடு. தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆடியில் அவர் மனைவி சரோஜாம்மா இறந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் சார் பாதி எழுந்து நின்றார். தாலுகா ஆபீசில் எத்தனையோ பேரை நிற்கவைத்தவர் கேபிள்காரனுக்கு எழுந்தது எனக்கு விளங்கவில்லை.

அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்தார். "பாவம்ப்பா அவரு. காசு கட்டலன்னு ஒரு மாசமா கட் பண்ணி வச்சிருக்கியாமே? வீட்டம்மா போனதுலேருந்து அவருக்கு ஒண்ணும் ஓடல. நானே அஞ்சு மாசமா கட்டல, என்ன விட்டு வச்சிருக்க. அவரு மட்டும் இன்னா பண்ணாரு உன்ன?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இரண்டு கயிறும் ஒரே நிறமாகிவிட்டிருக்கின்றன. நான் சிவப்பென்று நினைத்துக் கழற்றியது மஞ்சள். சரோஜாம்மா தை மாசமே முழு வருஷத்துக்கும் கட்டியிருந்தார். என் கையில் எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். "மாசாமாசம் வந்து நிக்காத, சாருக்குத் தொந்தரவு" என்று சொன்னதுகூட ஞாபகம் வந்தது. கட்டிமுடித்த வீடு என்பதால் யாரும் வசூலுக்கே போகவில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும்.

டிவியில் அரோகரா சத்தம் எழுந்தது, அதையே சற்றுத் தள்ளி நிஜத்திலும் கேட்டோம். மூவரும் கைகூப்பினோம். அக்கா வாசலில் அகல் ஏற்றினார். சார் வீட்டு வாசல் இருட்டாகவே இருந்தது. சாவு விழுந்த வருஷம், ஏற்றமாட்டார்கள்.

சார் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுகளை எடுத்தார். "எவ்ளோ பாக்கி தம்பி? அவ இருந்தவரைக்கும் அவதான் பாத்துப்பா. நாந்தான் எங்கியோ விட்டுட்டேன். ஆபீசுக்கு வரலாம்னுதான் இருந்தேன், நாலு பேரு இருப்பாங்களேனு..."

பாக்கி இல்லை சார், அம்மா கட்டிவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பிறகு ஏன் கட் செய்தாய் என்பார். அதற்குப் பதில், நான் பிடுங்க வந்தது இந்த அக்கா வீட்டு லைனை என்பது. அக்கா அகல்விளக்கோடு பக்கத்திலேயே நின்று, நான் இரக்கப்பட்டு விட்டுவைத்த நல்லவன் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை விட மனசு வரவில்லை. அக்காவுக்காகத்தான் மறைத்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான்.

"இருநூறு ரூபா சார்" என்றேன்.

வாங்கிக்கொண்டு ரசீதும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துப் பத்திரமாக மடித்து வைத்தார். மாடியேறி லைனை மாட்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் ஆபீசில் அந்த இருநூறைப் பச்சையம்மா கணக்கில் வரவு வைத்தேன். லிஸ்டிலிருந்து பெயரை எடுக்க அது போதும் என்றார் தயாளன். சீசன் வந்ததும் அக்கா மீதியை மட்டுமல்ல, மொத்தத்தையும் கட்டினார். அதில் மிஞ்சிய இருநூறை ஒரு கவரில் போட்டு, இன்றைக்குக் கொடுக்கலாம் நாளைக்குக் கொடுக்கலாம் என்று சைக்கிள் பையிலேயே வைத்திருந்தேன். தை பிறப்பதற்குள் சாரின் மகள் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துப்போய்விட்டாள்.

இப்போது லைனைப் பிடுங்க யாரும் படியேறுவதில்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அது எந்த லிங்கத்துக்கும் காசு போடுவதில்லை. தயாளன் ஆபீஸ் இருந்த இடத்தில் மொபைல் கடை. பச்சையம்மா அக்கா வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டார், பார்த்தால் இன்னமும் நல்ல பிள்ளை என்பார். சந்து முழுவதும் லாட்ஜின் கார் நிறுத்தம். சார் வீட்டு வாசல் இருந்த இடத்தில் பௌர்ணமிக்குப் பெங்களூர் வேன்கள் நிற்கின்றன.

ஏகாம்பரம் சார் தன்னை ஒரு கடன்காரர் என்று நினைத்துக்கொண்டே ஊரைவிட்டுப் போனார். சரோஜாம்மா அவருக்கு ஒரு வருஷத்து டிவியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போயிருந்தார். அதை அவரிடம் சொல்ல ஊரில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் ரசீது எழுதிக்கொண்டிருந்தான்.