அந்தக் கட்லா என்னுடையது

வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே மீன் அது. எட்டு கிலோவுக்குக் குறையாது என்று படகுக்காரர் சொன்னார். அதை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, என்னுடையது என்று சமயத்தில் சொல்லவும் இல்லை. சொல்லியே ஆகவேண்டிய இடம் ஒன்று வந்தது. அங்கே சும்மா நின்றிருந்தாலாவது ஊமை என்று விட்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்து வேறு ஒன்றைச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில், திருச்சியிலிருந்து மாற்றலாகி கல்கத்தாவுக்கு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. டாலிகஞ்சில் குடித்தனம். கல்யாணம் இங்கேயே நடந்தது. மனைவியின் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கல்கத்தாவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். கடையில் வாங்கும் கேக்கில் முட்டை உண்டா என்று விசாரணைக் கமிஷன் வைக்கிற வீடு. அவர்கள் வழியாக எங்கள் பக்கத்துத் தமிழர் சங்கத்தில் என்னையும் கமிட்டியில் போட்டிருந்தார்கள். ராமநவமிக்குப் பானகம் கரைப்பதும் பஜனைக்கு ஜமுக்காளம் விரிப்பதும் என் இலாகா. ரொம்ப ஆசாரமான பையன் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆபீஸில் என் மேலதிகாரி ஒரு வங்காளி. நல்ல மனிதர், ஆனால் தூண்டில் என்றால் பைத்தியம். குளிர்காலம் வந்தால் திங்கட்கிழமைகளில் மனிதருக்குக் கோப்பில் கண்ணே நிற்காது, ஞாயிற்றுக்கிழமை நழுவிப்போன மீனைப் பற்றியே பேசுவார். அந்த ஜனவரியில் அவரோடு வழக்கமாகப் போகிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "நீ வா. மீன் சாப்பிடாத ஆளோடு போவதே நல்லது, பங்கு கேட்க மாட்டாய்" என்றார். மறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதே ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வருடாந்தர பிக்னிக். ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன், வரமுடியாது என்று கமிட்டியிடம் சொன்னேன். மனைவியிடமும் அதையே சொன்னேன். நான் வராததால் அவளும் பிக்னிக்குக்குப் போகவில்லை.

நகரத்துக்குக் கிழக்கே, பைபாஸைத் தாண்டிப் போனால் பெரிய பெரிய ஏரிகள். நாங்கள் போனது அதில் ஒன்று. காலைப் பனியில் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. மீனவர்கள் கூட்டாக நடத்தும் ஏரி. குளிர்கால ஞாயிறுகளில் வெளியாட்களுக்கும் டிக்கெட் உண்டு. படகும் கொடுப்பார்கள், படகோடு ஒரு வழிகாட்டியும் கொடுப்பார்கள். மீன் எங்கே மேயும் என்று அவருக்குத் தெரியும். மூங்கிலை ஊன்றிப் படகை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். புண்ணாக்கும் வெந்தயமும் கலந்த உருண்டையைத் தண்ணீரில் வீசி மீனைக் கூட்டுவார். தூண்டில் முள்ளில் எறும்பு முட்டையை ஏற்றுவதும் அவரே. டிக்கெட் வாங்கிய பாபு செய்ய வேண்டியதெல்லாம் கோலைப் பிடித்துக்கொண்டு தக்கையைப் பார்ப்பதுதான்.

எங்களுக்கு வந்த வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், அளவாகத்தான் பேசுவார். நான் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், தாதா என்று கூப்பிட்டேன், அவர் என்னை பாபு என்றார். என் வங்காளிப் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். மதியம் வரை எங்கள் இரண்டு தக்கைகளும் தியானத்தில் இருந்தன. மேலதிகாரி மூன்று முறை இடம் மாற்றச் சொன்னார், எறும்பு முட்டை பழசு என்றார், கடைசியில் என் சட்டை நிறம்கூட சரியில்லை என்றார்.

இரண்டு மணிவாக்கில் என் தக்கை முழுகியது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தாதா என் பின்னால் வந்து நின்றுகொண்டு, விடு, இப்போது இழு, மறுபடி விடு என்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். அரைமணி நேரம் கையும் தோளும் கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் வலையில் ஏந்திப் படகுக்குள் போட்டார். தடித்த தலை, வெள்ளி மாதிரி வயிறு. எனக்கு ஒரு நிமிஷம் கர்வமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான், இதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

திரும்ப விட்டுவிடலாம் என்றேன். தாதா அதன் வாயைத் திறந்து காட்டினார். முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது. விட்டாலும் பிழைக்காது என்றார். சரி, நீங்கள் கொண்டுபோங்கள் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் முகம் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. "அடுத்தவன் தூண்டிலில் வந்த மீனை என் வீட்டு அரிவாள்மணை தொடாது" என்றார். கரைக்கு வந்ததும் தலை வலிக்கிறது என்று சிநேகிதர் ஒருவருடைய காரில் ஏறிப் போய்விட்டார்.

படகில் நானும் தாதாவும் மீனும்தான் மிச்சம்.

"தாதா, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் படகைச் சங்கிலியால் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "பாபு, எங்களுக்கு இங்கே ஒரு கட்டு இருக்கு. வழிகாட்டி கேட்டைத் தாண்டி மீன் கொண்டுபோகக் கூடாது. டிக்கெட் வாங்கினவர் கையிலதான் போகணும். மீறினா படகைப் பிடுங்கிடுவாங்க" என்றார். பிறகு அவரே சொன்னார். "நாளைக்கு என் பொண்ணுக்கு ஷாத். ஏழாவது மாசம். மீன் தலை வைக்கணும். நான் வாங்கி வச்சிருக்கிறது உள்ளங்கை அளவு."

ஷாத் என்றால் நம் வளைகாப்பு மாதிரி. மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டு, தட்டின் நடுவில் ஒரு மீன் தலையை வைப்பார்கள். முழுத் தலையாக வைக்க வேண்டும், பெரிய தலையாக இருந்தால் விசேஷம்.

"நான் கொடுத்தேன்னு கேட்டில் சொல்றேன். வாங்க" என்றேன்.

"நிச்சயமா சொல்வீங்களா பாபு?"

"அதான் கூடவே வர்றேனே."

அவர் தன் கட்டம் போட்ட துண்டில் மீனைச் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டார். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறைக்கப் பார்க்கவே இல்லை. மறைக்க வேண்டியதில்லை என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

கேட்டில் ஏரி ஆபீஸைச் சேர்ந்த ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ரோட்டில் ஒரு மினிபஸ் நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸின் நெற்றியில் தமிழில் துணி பேனர். ஜனவரியில் கல்கத்தாவில் பாதிப் பேர் பிக்னிக் போவது அந்த ரோட்டில் இருக்கும் தோட்டங்களுக்குத்தான். இந்த வருஷம் எந்தத் தோட்டம் என்று நான் கேட்டுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பொய் சொன்னவனுக்கு அந்த அளவு கவனமாவது வேண்டாமா?

சங்கத்துச் செயலாளர் மாமா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. "என்ன, ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன்னு சொன்னேளே?"

நான் எதையோ முனகினேன். அதற்குள் நாற்காலிக்காரர் எழுந்து தாதாவின் தோளைத் தொட்டு நிறுத்தியிருந்தார். தாதா பயப்படவில்லை. "அந்த பாபு பிடிச்சது. அவர்தான் எனக்குக் கொடுத்தார். கேட்டுப் பாருங்க" என்று என்னைக் காட்டினார். பேச்செல்லாம் வங்காளியில். மாமாவுக்கு என்னைவிட நன்றாக வங்காளி வரும்.

"பாபு, இந்த மீன் நீங்க பிடிச்சதா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் எனக்கு மாமாவின் நெற்றி விபூதி மட்டும்தான் தெரிந்தது. பானகம் கரைக்கிற கையால் கட்லா பிடித்திருக்கிறான் என்று பஸ் முழுக்கப் பேசுவார்கள், மாமனார் வீட்டுக்குப் போகும், மனைவி தலைகுனிவாள் என்றெல்லாம் ஓடியது.

"எனக்குத் தெரியாது. நான் சும்மா படகுல சுத்திப் பார்க்க வந்தேன்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "நாங்க மீனைத் தொட மாட்டோம்" என்று வேறு சேர்த்துச் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார்.

தாதா என்னைப் பார்த்தார். "பாபு, சொல்லுங்க" என்றார். ஒரே ஒரு முறை. நான் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிக்காரர் மீனை வாங்கி ஓரமாகப் போட்டார். பிறகு கையை நீட்டினார். தாதா இடுப்பிலிருந்து படகுச் சங்கிலியின் சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்தார். துண்டை உதறி, வெறும் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோடு நடந்து போனார்.

மாமா என்னை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். யாரோ மிச்சமிருந்த புளியோதரையை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கையாலேயே சாப்பிட்டேன். பைபாஸில் தாதாவைத் தாண்டித்தான் பஸ் போயிருக்க வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மூக்கை உறிஞ்சினாள். மீனுக்கு அவள் வாயில் வங்காளிச் சொல்தான் வரும். "என்ன, கையெல்லாம் மாச் வாசனை?"

மேலதிகாரியோடு போனதைச் சொன்னேன். ஒரு கட்லா மாட்டியது என்பதையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தால், சிரித்தாள். "இதுக்கா பொய் சொன்னீங்க? ஸ்கூல்ல படிக்கிறப்போ எதிர்வீட்டு வங்காளி மாமி, காகிமா கையால நான் எவ்ளோ மாச் சாப்ட்டிருக்கேன் தெரியுமா? அப்பாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்." பிறகு கேட்டாள். "மீன் எங்கே?"

"தண்ணியிலேயே விட்டுட்டேன்."

"கட்லாவை யாராவது விடுவாளா? காகிமாவுக்காவது கொடுத்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள்.

எந்தப் பயத்துக்காக ஒரு மனிதரைக் கேட்டில் விட்டுவிட்டு வந்தேனோ அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்படியானால் மறுநாள் காலையே ஓடியிருக்க வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் போனேன். அதே நாற்காலி, அதே மனிதர். தாதாவின் படகு கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "படகை இன்னும் யாருக்கும் கொடுக்கலே. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில மீனவங்க கூட்டம். அவரும் வருவார். எல்லார் முன்னாடியும் இதையே சொல்லுங்க, சாவியைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க" என்றார். கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது முறையாக அந்த இடத்தில் வாக்குக் கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கப்போவதில்லை. தமிழ் முகம் ஒன்றுகூட இருக்காது. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. தாதாவின் முகம் ஒன்றுதான் இருக்கும். வெட்கம் வந்தால் மனிதன் திருந்துவான் என்று சொல்கிறார்கள். என் விஷயத்தில் அந்த வெட்கமே காலைக் கட்டிப்போட்டது. அவர் கண்ணெதிரே நின்று, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று சொல்வதைவிட, அவர் படகில்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. வேறு மாதிரி எழுத முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, எட்டு மணிக்கெல்லாம் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு ஒரு கட்டு பசலைக்கீரையோடு வீடு திரும்பினேன். அதற்குள் என்ன வந்துவிட்டீர்கள் என்று மனைவி கேட்டாள். பஸ் வரவில்லை என்றேன்.

மூன்று பஸ் வந்தது.