படத்தில் இருந்தவள் காளையைப் பார்க்கவில்லை

வியாழக்கிழமை மாலை நாலேகால் மணி. அம்மா பருத்திக்கொட்டையை ஆட்டிவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தாள்; நாங்கள் "கட்டுத்தரை" என்று சொல்லும் மாட்டுக் கொட்டகை முழுக்க அந்தப் பால்மணம். எனக்குப் பத்து வயது, அக்கா சாந்தாமணிக்குப் பதினாலு.

கொட்டகைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. நெல்லியாம்பதியில் யாரோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது அப்பா கொண்டுவந்தது: முழங்காலோடு நின்ற இறுக்கமான கால்சட்டை, குட்டைச் சட்டை, ஒரு கையில் விரித்த துணி, மறுகையில் வாள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண், பின்னால் பாயும் காளை. அடியிலிருந்த எழுத்தை எங்கள் ஊரான வடகரப்பதியில் எவராலும் படிக்க முடியாததால், மாடு அடக்கும் அம்மன் என்று அப்பாவே தீர்மானித்து, ரேக்ளா வண்டிப் பந்தயக் காளைக்குக் காவலாக மாட்டி, வெள்ளிதோறும் குங்குமம் வைத்தார். எங்களுக்கு அவள் "மாட்டுக்காரம்மா". அவள் இருக்கும்வரை பெண்களைக் காளை தொடாது என்று அக்கா நம்பினாள்.

"ஏனக்கா, வாய்தானா? அந்தம்மா கையில வாளு, உங்கையில வெளக்குமாறா?" என்று நான்தான் சீண்டினேன்.

அக்கா அம்மாவின் சிவப்புச் சேலையை மடித்து எடுத்தாள். "படலைத் தொறடி. நான் கூப்புட்டா உடனே தொறந்து உடோணும்."

காளை நின்ற பட்டிக்குள் அவள் போனதும் மூங்கில் படலைச் சாத்திக் கயிற்றை மாட்டினேன். அவள் கூப்பிட்டாள். கொஞ்சம் அழட்டும் என்று சிரித்துக்கொண்டே நின்றேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அது வார்த்தையாக இல்லை.

போன மாதம் நான் சொன்ன அடையாளத்தை வைத்து என் மகள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்தாள். பிரான்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சானதாம். "இவ மாட்டுக்கிட்டயே போகலைம்மா. வரையறவரோட ரூம்ல வேஷம் போட்டு நின்னிருக்கா. பாரு, காளையைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். அவளுக்கும் இப்போது பதினாலு. அவள் படியில் தாவி இறங்கினாலே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறேன். கொட்டகை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. படத்தைக் கரையான் தின்றுவிட்டது. அக்கா காலை இழுத்துத்தான் நடக்கிறாள். நான் வேண்டுமென்றே காத்திருந்தது அவளுக்கு இன்றும் தெரியாது.

அன்று கடைசியில் ஓடிவந்தவர் அப்பா. தொடையைப் பொத்திக்கொண்டு கிடந்தவளைத் தாண்டிப் போய்க் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். அதன் முன்னங்கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி கொண்டா கண்ணு. மொதல்ல கொம்பைக் கழுவு. குத்துற மாடுன்னு தெரிஞ்சா ஞாயித்துக்கெழம பந்தயத்துல சேத்த மாட்டாங்க."