தவிட்டுக்கு வாங்கிய தம்பி

ருக்குமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை யாரையும் விடமாட்டாள். அவளுக்குத் தைராய்டு. தம்பி நாகப்பனுக்குத் தோலில் வெண்திட்டு. இரண்டும் ஏன் ஒரே வீட்டுக்கு வந்தன என்று மலேசிய மலையூரான தானா ராத்தாவில் அவள் கேட்காத டாக்டர் இல்லை.

அதனால் ப்ரியா என்ற ஆய்வாளர் ரத்தம் எடுக்கத் தோட்டத்துக்கு வந்தபோது, தம்பியையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். ப்ரியா லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள். லட்சக்கணக்கானோரின் மரபணுக்களைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே கற்றுக்கொண்டு, எந்த நோய்க்கு எந்த நோய் சொந்தம் என்று வரைந்த படம். அதில் தைராய்டும் வெண்திட்டும் அடுத்தடுத்து இருந்தன.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று தம்பியின் முதுகில் தட்டினாள். "எங்க வீட்டுலயும் இப்படித்தானா டாக்டர்?"

"அதப் பாக்கத்தான் ரத்தம், அன்ட்டி."

இருவரின் படிவத்தையும் அவள்தான் நிரப்பினாள். தம்பியின் படிவத்தில் 'தாய் பெயர்' என்ற இடத்தில் கை நின்றது. அவனுக்கு முன் பிறந்த மூன்று ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அம்மா அவனைப் பெற்றதும் பக்கத்து வீட்டு வேலாயிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள். வாங்கிய பிள்ளை எமனுக்கு வேண்டாமாம். "நான் பெத்தேன்னு வாய் தவறியும் சொல்லிடாத" என்று சாகும்வரை சொல்லிவைத்தாள். ருக்குமணி 'வேலாயி' என்று எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து ப்ரியா போன் செய்தாள். "அன்ட்டி, பேப்பர்ல அம்மா வேற. ரத்தத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைங்க. எது சரின்னு தெரியலனா உங்க குடும்பத்த ஆய்வுல சேக்க முடியாது லா."

நாற்பத்தெட்டு வருடமாக எமனை ஏமாற்றிய தவிடு கம்ப்யூட்டரிடம் பலிக்கவில்லை. ருக்குமணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வியை விடவும் மனமில்லை, தம்பியைப் பணயம் வைக்கவும் மனமில்லை.

"எங்கம்மாதான் பெத்தாங்க. மாத்திக்கங்க" என்றாள். போனை வைத்த கையோடு தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நல்லாருக்கியா? நீ என் கூடப் பிறந்தவன்னு சொல்லிட்டேன்டா."

"அக்கா, லோரில காய் ஏத்திக்கிட்டு மலை இறங்கறேன். கீழ போய்ச் சேந்தப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் மறுபடி கூப்பிடும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

"உயிரோடதான் இருக்கேன்" என்றான். "அந்தப் படத்துல நாம எங்க இருக்கோமாம், கேட்டியா?"