லயத்து வீட்டில் லித்தியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் படிப்பித்த பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். முழுக்க ஏற்றம். காலை பஸ் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. தாமதமாகப் போய்ப் பள்ளி அதிபரிடம் ஏச்சு வாங்கி வந்த ஒரு நாள், தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் கணவர் பழைய சைக்கிளுக்கு மோட்டார் பூட்டித் தருவதாகச் சொன்னார். அதோடு என் நிம்மதி போயிற்று.

முதலில் மூன்று ஈயப் பெட்டரிகளைக் கெரியரில் கட்டினார். சைக்கிள் முதல் வளைவு வரை போயிற்று. மிச்ச ஏற்றம் முழுக்க நான்தான் அதைத் தள்ளினேன். கொழுந்து எடுக்கப் போன இரண்டு பெண்கள் கை கொடுத்தார்கள்.

“டீச்சர், நடந்தே போயிருக்கலாங்க” என்றாள் ஒருத்தி. அவள் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பாரந்தான் பிரச்சினை. லித்தியம் போட்டா பறக்கும்” என்றார் கணவர். ஹட்டன் நகரில் அப்போதுதான் லெப்டொப் திருத்தும் கடைகள் வந்திருந்தன. அங்கே கழித்துப் போட்ட பெட்டரிகளை உடைத்து, உள்ளே இருந்த விரல் பருமன் செல்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். சமையலறை மேசையில் வைத்து ஒன்றோடொன்று பற்றவைத்துச் சார்ஜ் ஏற்றினார்.

“சூடாகுதுங்களே?”

“லேசா சூடாகும். அப்படித்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது மேசையில் ஏதோ சீறியது. அவர் அந்தச் செல் கட்டை இடுக்கியால் கவ்வி வாசல் வடிகால் கானுக்குள் வீசினார். அங்கே விழுந்து அது விசிலடித்துக்கொண்டு எரிந்தது. வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், பத்து வீட்டுக்கும் கூரை ஒண்ணுதானுங்களே” என்றாள் கடைசியில்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்க் கணவரிடம், “இனி பெட்டரிய நாந்தான் பாப்பேன்” என்றேன்.

“ஒனக்கு அதுல என்னா தெரியும்?”

“கேக்கத் தெரியும்.”

பள்ளி விடுமுறையில் இருவரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். முதல் கடைக்காரரிடம், ஒவ்வொரு செல்லையும் கவனித்து ஆபத்தென்றால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஸ்பீட் நல்லா வரும் மிஸ்.”

ஏற்றத்தில் எத்தனை அம்பியர் விடாமல் கொடுக்கும்?

“நாப்பது ஸ்பீட் வரும் மிஸ்.”

நிறைந்ததும் சார்ஜர் தானாக நிற்குமா என்றேன். அதற்கும் ஸ்பீட்தான். பக்கத்தில் நின்ற என் கணவர் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார். கடைக்காரர் காட்டிய பெட்டரியின் ஒரு மூலை உப்பியிருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். அவர் வரவில்லை, திரும்பப் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது.

இரண்டாவது கடைக்காரர் யூ.பி.எஸ். திருத்துபவர். நான் கேட்குமுன்பே அவர் கேட்டார்: எந்த மோட்டார், எவ்வளவு ஏற்றம், எங்கே வைத்துச் சார்ஜ் ஏற்றுவீர்கள்? லயம் என்றதும் வேறு பெட்டரி எடுத்தார். லித்தியத்திலேயே இரும்பு பொஸ்பேட் வகை. மூடியைக் கழற்றிப் பாதுகாப்புச் சுற்றைக் காட்டினார்.

“இது லேசில தீப்பத்தாது. ஒங்க மோட்டார் பதினஞ்சு அம்பியர் இழுக்கும், இது முப்பது தாங்கும். ஆனா பாரம் கொஞ்சம் கூட.”

“அந்தக் கடையில உள்ளது பாரம் கொறைவு” என்றார் கணவர்.

“இருக்கட்டுங்க” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்தப் பெட்டரியோடு அதற்கென்றே உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்கினோம்.

சைக்கிள் பறக்கவில்லை. நிதானமாக, நிற்காமல் ஏறியது. பஸ்ஸுக்கு முன்பே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். சார்ஜ் ஏற்றுவது மட்டும் வீட்டுக்கு வெளியே, தண்ணீர் படாத தகரக் கொட்டகையில், என் கண் முன்னால்.

ஒரு மாதம் கழித்து, தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் சைக்கிளைப் பார்க்க வந்தார்.

“அண்ணன் சொன்னாருங்க டீச்சர். நீங்க மலிவா ஒண்ண எடுக்கப் பாத்தீங்களாம், அவருதான் பாதுகாப்பு முக்கியம்னு புடிவாதமா இத வாங்குனாராம்.”

கணவர் சக்கரத்துக் காற்றை மும்முரமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். ஒருவருக்கு மட்டும் சீனி போடவில்லை.