ஊதிக் காட்டும் வரிசை

எனக்கு வாசனை தெரியாது. சிறுவயதில் வந்த ஒரு சளி, போகும்போது மூக்கின் வேலையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இப்படிப்பட்ட நான்தான் ஐம்பதுகளின் கடைசியில், தஞ்சோங் பகார் பக்கத்துக் கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில், வேலைக்கு வருகிறவர்கள் குடித்திருக்கிறார்களா என்று மோந்து பார்த்துச் சொல்லும் அதிகாரியாக இருந்தேன்.

கப்பலிலிருந்து இறக்கும்போது கயிறு அறுந்து ஒரு பெட்டி விழுந்தது. யாரோ குடித்திருக்கிறான் என்று துரை முடிவு கட்டி, இனிக் காலையில் வாசலிலேயே எல்லாரையும் சோதிக்க வேண்டும் என்றார். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி, சின்னக் கிராணியான என்னைக் கைகாட்டினார். மூக்கைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. அந்த நாட்களில் நூலகத்தில் தர்க்க சாஸ்திரம் வேறு எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மூக்கு இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று தர்க்கம் செய்தேன்.

ஆட்கள் வரிசையாக வந்து என் முகத்தில் 'ஹா' என்று ஊதுவார்கள்.

"கிராணி, நேத்து பூண்டுக் குழம்பு லா. மயங்கிடாதீங்க!"

நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர்கள் கண்ணைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் உள்ளே.

ஒரு திங்கட்கிழமை, சரக்குத் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவர் வந்து ஊதினார். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. நிறுத்தினேன்.

"தம்பி, வீட்டுக்காரி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கெடக்கா. நானேதான் சமைக்கிறேன். ஈர விறகு, ஒரே புகை. அதான் கண்ணு இப்படி."

"கண்ணை யாரு கேட்டா? வாய்தான் நாறுது" என்றேன்.

அன்றைக்கே துரையின் அறையில் விசாரணை. வேலை போனால் கம்பெனி கொடுத்த லயன் வீடும் போகும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் துரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"புள்ளையத் தூக்கிட்டு வந்தா எங்க படுக்க வைப்பா, தம்பி? இன்னொரு தடவ ஊதறேன். நல்லா மோந்து பாத்துச் சொல்லுங்க."

பக்கத்தில் வந்து, நிதானமாக ஊதினார். வெந்நீர்ப் பானையைத் திறந்தது போல வெறும் சூடு. வேறொன்றும் இல்லை. துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாறுகிறது என்று தலையாட்டினேன்; அன்றைக்கே அவர் வேலை போனது.

இப்போது தொழில் நீதிமன்றம் இருக்கிறது. ஒருவனை நீக்கினால் காரணத்தை நிரூபிக்கச் சொல்கிறார்கள். அன்றைக்குச் சோதிக்கிற கருவி, சாட்சி, நிபுணர் எல்லாம் நானேதான். அவர் கேட்ட மறுசோதனையையும் நான்தான் நடத்தினேன்.

அதற்குப் பிறகு, வரிசையில் கடைசி ஆள் உள்ளே போன பின்னும், என் முகத்தில் அந்தச் சூடு வந்து படும். எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். சவரம் செய்யும்போது வந்தது. தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது வந்தது. பேய் பிசாசு எல்லாம் பொய் என்று பேசும் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவன் நான். அங்கேயும் வந்து ஊதியது. நான் கைதட்டுவதை நிறுத்தவில்லை; முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஒருநாள் லயன் வீட்டுக்குப் போனேன். வேறு குடும்பம் இருந்தது. ஜொகூரில் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். கப்பலேறிவிட்டார் என்றார்கள் சிலர். குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

தாங்க முடியாமல் பெரிய கிராணியிடம் போய், எனக்கு வாசனையே தெரியாது, துரையிடம் சொல்லி அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"உன் மூக்கு செத்ததுன்னு ஆபீசுக்கே தெரியும். அதனாலதான் உன்ன வாசல்ல நிறுத்தினேன். நல்ல மூக்கா நிறுத்தினா பாதிப் பேரு வெளியில நிப்பான், அப்புறம் சரக்க யாரு எறக்கறது? நீ பாட்டுக்கு எல்லாரையும் உள்ள விட்டுருவேன்னு நெனச்சேன் லா. கண்ணப் பாக்கச் சொல்லி உனக்கு யாருப்பா சொன்னா?"