வேண்டாம் என்ற கல்வெட்டு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பழைய தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புதுப் பாதை போடுகிறார்கள். ஏரியைத் தாண்டும்வரை மேம்பாலம்; தூண்கள் நாற்பத்தொன்று. அது முடிகிற இடத்திலிருந்து எங்கள் ஊர் எல்லை வரை உயரமான மண்கரை. தினமும் காலையில் குடையோடு போய் நின்று எண்ணுவேன். ஓய்வு பெற்றவனுக்கு எண்ண வேறென்ன இருக்கிறது? மாத்திரை ஆறு, மாடிப்படி பதினாறு.

"பெரியவரே, நேத்து ஒரு தூணை எவனோ தூக்கிக்கினு போய்ட்டான், நல்லா எண்ணிப் பாருங்க" என்பார் ரோலர் ஓட்டுகிறவர். எனக்குச் சிரிப்பு வராது. ஆனாலும் திரும்ப எண்ணுவேன்.

மண்கரைக்கு மேற்கே பக்கத்து வீட்டுக்காரியின் அரை ஏக்கர். ஊரார் நிலத்தில் களையெடுத்தே வாங்கியது. அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தாள். மழைத்தண்ணீர் அவள் வரப்போரத்து ஓடை வழியாகத்தான் கிழக்கே ஏரிக்குப் போகும். குடிவந்த நாள் முதல் அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏண்ணா, இம்மாம் மண்ணு கொட்றாங்களே, தண்ணி எப்பிடி அந்தாண்ட போவும்?"

"அடியில வழி வுடுவாங்கம்மா. நான்தான் எண்ணிக்கினு இருக்கேனே."

எண்ணினேன். கரையோரம் என் நடைக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு காலடி. தண்ணீர் போக ஒரு வழிகூட இல்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"கல்வெர்ட்டுதான சார்? உங்க ஊர்லதான் வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க. மொத கையெழுத்தே உங்களுது" என்று செல்போனில் எடுத்துக் காட்டினார்.

கல்வெர்ட்டு என்றால் கரைக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலம் என்று அப்போதுதான் விளங்கியது. போன கோடையில் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். மைக் இரைந்துகொண்டே இருந்தது. "இந்த எடத்துல ஒரு கல்வெர்ட்டு வேணுமா?" என்று அதிகாரி கேட்டார். என் காதில் கல்வெட்டு என்று விழுந்தது. கோயில் கல்வெட்டில் யார் பேர் மேலே வருவது என்று ஏற்கெனவே ஒரு அடிதடி நடந்த ஊர் இது. எழுந்து நின்று, "கல்வெட்டெல்லாம் எங்களுக்கு வேணாங்க" என்றேன். அதையே எழுதி நீட்டிய தாளில் படிக்காமலே முதல் கையெழுத்தும் போட்டேன். கை தட்டினார்கள். தட்டியவர்களை எண்ணினேன், பத்தொன்பது பேர். அவளும் தட்டினாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. காய் பிடுங்க எட்டு நாள் பாக்கி. தண்ணீர் கரையில் முட்டித் திரும்பி அவள் நிலத்தில் நின்றது. ஐந்தாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டாள். காய் இருபத்துமூன்று. பதினேழு முளைவிட்டிருந்தது, மீதி அழுகல்.

"கலெக்டருக்கு மனு எழுதுங்கண்ணா. நம்ம ஊர்ல எவனோ தண்ணிக்கு வழி வேணாம்னுட்டானாமே. அவன் நாக்கு அழுவிப் போவ! அவனையும் சேத்து எழுதுங்க."

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். மொத்தம் இருபத்திரண்டு வரி. பதினான்காவது வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்தேன். தண்ணீர் வழியைக் கல்வெட்டு என்று நினைத்து வேண்டாம் என்று சொன்னவன் இதை எழுதும் நானே.

அவள் வாசலில் கிடந்த செடியைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். பிறகு, மேசைமேல் இருந்த மைப்பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கைநாட்டு எங்க வெக்கணும், சார்?"